போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை: அறிகுறி பார்த்து வைஃபை சரிசெய்யும் முறை

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, பண்பொழி, புளியரைப் பக்கம் "நெட் வரலை" என்ற பேச்சும் தொடங்கிவிடும். பழியெல்லாம் மழைமேல் போகும். சில நாள் மழைதான் காரணம். பல நாள் கோளாறு கம்ப்யூட்டருக்குள் இருக்கும். நாமோ மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியும் முன் எதிலும் கைவைக்க வேண்டாம். அறுவதற்கு இருப்பவை நான்கே இடங்கள்: கம்பத்திலிருந்து வரும் ஃபைபர், சுவரில் தொங்கும் மோடம், மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள காற்று, கம்ப்யூட்டர்.

முதல் சோதனைக்குப் போன் போதும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஒரு வலைத்தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. வைஃபை செத்திருந்தாலும் போன் சத்தமில்லாமல் சிம் வழியாகப் பக்கத்தைத் திறந்துவிடும். "போனில் வருதே" என்று நம்பிக் கம்ப்யூட்டரைக் குடைவோம். போனிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். போனில் வருகிறது என்றால் மோடத்தை விட்டுவிட்டு நேரே இரண்டாவது பகுதிக்குப் போங்கள்.

போனிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை

மோடத்தில் பான் (PON) என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். லாஸ் (LOS) என்ற விளக்கு அணைந்திருக்க வேண்டும். லாஸ் சிவப்பாக மினுங்கினால் ஒளி மோடம்வரை வந்து சேரவில்லை. புளியரை மலைப்பாதைப் பக்கம் இதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான்: ஒடிந்து விழுந்த கிளை, கேபிளைப் பிடித்துத் தொங்கும் குரங்கு, உயரமாக வைக்கோல் ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் லாரி.

லைன்மேனைக் கூப்பிடும் முன் வீட்டுக்குள் ஒன்றை மட்டும் பாருங்கள். சுவர்ப் பெட்டியிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயர் எங்காவது மடங்கி இருக்கிறதா? மோடத்தின் அடியில் நசுங்கி இருக்கிறதா? உள்ளே இருப்பது முடி அளவு கண்ணாடி இழை. ஒரு தேநீர்க் குவளையின் வாயை விடச் சிறிய வளையமாக அதைச் சுற்றினால் ஒளி வளைவிலேயே கசியத் தொடங்கலாம். நிமிர்த்திவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பச்சை நிற முனையைக் கழற்றி ஊதவோ, துணியால் துடைக்கவோ, கண்ணருகே வைத்துப் பார்க்கவோ வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்கு ஆகாது.

லைன்மேனிடம் "நெட் வரலைண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் வரிசையில் பத்தாவது ஆளாக உங்களைப் போடுவார். "அண்ணே, லாஸ் லைட் செவப்பா மினுங்குது, பான் எரியல, உள்ள வயர் மடங்கல, பக்கத்து வீட்லயும் இல்ல" என்று சொல்லுங்கள். கோளாறு உங்கள் வீட்டு ஒயரிலா, தெருப் பெட்டியிலா என்று அவருக்கு அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

சில மோடங்களில், அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை உலாவியில் அடித்து அதன் பக்கத்துக்குள் நுழைந்தால் ஆர்எக்ஸ் பவர் (RX Power) என்று ஓர் எண் தெரியும்; மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் இணைப்பு வரும், போகும். மழை நாளில் மட்டும் அப்படி விழுந்தால் எங்கோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. அந்த எண்ணையும் லைன்மேனிடம் சொல்லுங்கள்.

பான் பச்சையாக இருக்கிறது, லாஸ் இல்லை, ஆனால் இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு அல்லது அணைந்திருக்கிறது என்றால் ஒளி வருகிறது, கணக்கு திறக்கவில்லை. மாதக் கட்டணம் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் சரி என்றால் மோடத்தின் சுவிட்சை அணைத்து 30 விநாடி விட்டுப் போடுங்கள். போட்டபின் 3 நிமிடம் தொடாதீர்கள். அது எழுந்து, ஒளியைப் பிடித்து, கணக்கில் நுழைய அவ்வளவு நேரம் ஆகும்.

இந்த இடத்தில்தான் பலர் ஊசியை எடுத்து மோடத்தின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் குத்துகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். பத்து விநாடி அழுத்தினால், இணைப்பு தந்தவர் உள்ளே எழுதி வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாம் அழியும். விளக்கெல்லாம் அழகாக எரியும், நெட் மட்டும் வராது. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகியிருக்க வேண்டியது, ஆள் வந்து திரும்ப எழுதித் தரும்வரை நிற்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த ஓட்டைமேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

விளக்குகள் மொத்தமாக அணைந்து அணைந்து எரிகின்றனவா? அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். ஃபைபர் மோடங்கள் பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியரில் ஓடுபவை. பழைய அடாப்டர் சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் 12 காட்டும். மோடம் இழுக்கும்போது 10க்கு விழும். உடனே மோடம் செத்து எழும். மாற்றும்போது அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்: வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. முனை பொருந்துகிறது என்பதற்காக லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் மோடம் அன்றோடு முடிந்தது.

கம்ப்யூட்டரில் வைஃபை என்ற சொல்லே காணோம்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வலது மூலையில் நெட்வொர்க் படத்தை அழுத்தினால் வைஃபை கட்டம் தெரிய வேண்டும். ஏரோப்ளேன் மோடு ஒளிர்ந்தால் அதை அணையுங்கள். லேப்டாப்பில் எஃப்என் விசையோடு கோபுரப் படம் அல்லது விமானப் படம் போட்ட விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கும். பழைய லேப்டாப்புகளில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ தள்ளும் சுவிட்சே உண்டு.

அதிலும் வரவில்லை என்றால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து திரும்பப் போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி பல கணினிகளில் முதலிலிருந்தே ஆனில் இருக்கும். அப்போது ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் தூங்கும். மறுநாள் அதே கோளாறோடு எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

இன்னும் இல்லையா? ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரிசையை விரியுங்கள். அங்கே வைஃபை அல்லது வயர்லெஸ் என்ற பெயர் எப்படித் தெரிகிறது என்பதுதான் அடுத்த வழியைச் சொல்லும்.

பெயர்மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அணைத்திருக்கிறார்கள். வலது கிளிக், எனேபிள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரண்டுமுறை கிளிக் செய்து கோடு (Code) என்ற பிழை எண்ணைப் படியுங்கள். கோடு 10 என்றாலும் 43 என்றாலும் கார்டு பதில் சொல்லவில்லை. இதற்கு முதல் மருந்து மின்சாரத்தை முழுதாக வடிப்பது. ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, டெஸ்க்டாப் என்றால் பின்பக்க வயரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு வயரைப் போட்டு இயக்குங்கள். சிக்கிக்கொண்ட கார்டு இதிலேயே பலமுறை எழுந்துவிடும். எழாவிட்டால் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, மாற்ற வேண்டும். சமீபத்தில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால், டிரைவர் தாவலில், பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பொத்தான் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவே எளிது.

புது டிரைவர் இறக்க நெட் வேண்டுமே, நெட்தானே இல்லை என்று நிற்க வேண்டாம். போனை டேட்டா வயரால் கம்ப்யூட்டரில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். வைஃபை கார்டு செத்திருந்தாலும் ஆண்ட்ராய்டு போனின் நெட் வயர் வழியே வந்துவிடும். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு அந்த நிறுவனத்தின் தளத்திலேயே வைஃபை டிரைவரை எடுங்கள். டிரைவர் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்று தேடலில் முதலில் வரும் செயலிகளை நெருங்காதீர்கள். வேண்டாததெல்லாம் சேர்ந்து வரும்.

வரிசையில் வைஃபை பெயரே இல்லை என்றால், அது டெஸ்க்டாப்தானே என்று பாருங்கள். கடையில் சேர்த்துத் தந்த பல டெஸ்க்டாப்புகளில் வைஃபை கிடையாது; வயர் செருகும் லேன் துளை மட்டும்தான். யுஎஸ்பி துளையில் செருகி வைஃபை பிடிக்கும் டாங்கிள் ஒன்று வாங்க வேண்டும். வாங்கும்போது 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டும் பிடிக்கும் ட்யூயல் பேண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

ஊர் வைஃபை எல்லாம் தெரிகிறது, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை

பெரும்பாலும் இது 5 ஜிகாஹெர்ட்ஸ் விவகாரம். புது மோடம் இரண்டு அலைவரிசையில் ஒலிபரப்பும். 5 வேகமானது, சுவரைத் தாண்டத் திணறும், 2.4 மெதுவானது, தூரம் போகும். பழைய லேப்டாப்புகள் பலவற்றின் கார்டுக்கு 5 தெரியவே தெரியாது. மோடத்தில் 2.4ஐ யாராவது அணைத்திருந்தால் புதுப் போன்களில் எல்லாம் வரும், அந்த லேப்டாப்பில் மட்டும் வராது. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை உலாவியில் அடித்து உள்ளே போய் 2.4ஐ ஆன் செய்து, அதற்கு வேறு பெயர் வையுங்கள். எதில் சேர்ந்திருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

அங்கேயே 2.4ன் சேனலையும் பாருங்கள். ஆட்டோவில் விட்டால் சில மோடங்கள் 12 அல்லது 13ல் போய் உட்காரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த லேப்டாப்புகளில் சிலவற்றுக்கு 11க்கு மேல் காது கேட்காது. 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஒன்றோடொன்று இடிக்காதவை இவைதான்.

டெஸ்க்டாப்பில் மிக அருகில் உள்ள பெயர் மட்டும், அதுவும் ஒரே ஒரு சிக்னல் கோட்டோடு தெரிகிறது என்றால், கேபினட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். டார்ச்சு வெளிச்சத்தில் பார்த்தால், யுஎஸ்பி துளைகளுக்கு அருகே பித்தளை நிறத்தில் மரை போட்ட இரண்டு குட்டி முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை மொட்டையாக இருந்தால் ஆன்டெனா மாட்டப்படவே இல்லை. மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியைத் தேடுங்கள். கருப்பு நிறத்தில் விரல் நீளமுள்ள இரண்டு கம்பங்களோ, காந்த அடியோடு ஒரு துண்டோ பிளாஸ்டிக் பைக்குள் பிரிக்காமல் கிடக்கும். கையால் திருகினாலே போதும், குறடு வேண்டாம். இரண்டையும் மாட்டுங்கள்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனால் சேரமாட்டேன் என்கிறது

மோடத்தில் பாஸ்வேர்டு மாறியிருந்தால் கம்ப்யூட்டர் பழையதையே பிடித்துக்கொண்டு முட்டும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ். அங்கே உங்கள் பெயருக்கு எதிரே ஃபர்கெட் கொடுத்து, புதிதாகச் சேருங்கள். அடிக்கும்போது கண் படத்தை அழுத்தி எழுத்துகளைப் பார்த்தே அடியுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மோடத்தின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கார்டுகள் உள்ளே நுழைய முடியாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். அல்லது இரண்டும் கலந்ததை வையுங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் ஓப்பனாக விடுவது மட்டும் வேண்டாம்.

கனெக்டட் என்று காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை

அலைகிறவர்கள் அதிகம் இந்த அறிகுறியில்தான். வைஃபை பெயரின் ப்ராப்பர்ட்டீஸில் போய் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் மோடத்திடம் முகவரி கேட்டது, மோடம் தரவில்லை, அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். மோடத்தை முன்பு சொன்னபடி அணைத்துப் போட்டு, கம்ப்யூட்டரில் ஃபர்கெட் கொடுத்துச் சேருங்கள்.

முகவரி 192.168.1ல் தொடங்குகிறது, ஆனால் போனில் 192.168.100 என்று இருக்கிறதா? கம்ப்யூட்டரில் யாரோ முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். மோடம் மாற்றிய மறுநாள் வரும் கோளாறு இது. அதே பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கினால் தீர்ந்தது.

முகவரி சரி என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிங் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மோடத்தின் முகவரியைக் கொடுங்கள். நான்கு பதில் வந்தால் காற்று நன்றாக இருக்கிறது. அடுத்து 8.8.8.8க்குப் பிங் செய்யுங்கள். இதற்கும் பதில் வருகிறது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான் பிழை. டிஎன்எஸ் அசைன்மென்ட்டைக் கையால் 8.8.8.8, 1.1.1.1 என்று போடுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்து, மேனுவல் ப்ராக்ஸி ஆனில் இருந்தால் அணையுங்கள். பழைய விபிஎன் செயலியும், நாள் முடிந்த ஆன்டிவைரஸும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று: சில தளம் திறக்கிறது, வங்கியும் மெயிலும் மட்டும் "உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல" என்று மறுக்கின்றன. வலது மூலையில் தேதியைப் பாருங்கள். எந்தத் தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கம்ப்யூட்டர் நாலைந்து வருடம் பின்னால் இருந்தால் எல்லாச் சான்றிதழும் அதற்குப் பொய்யாகத் தெரியும். தேதியைத் திருத்தியதும் திறந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தபோதெல்லாம் தேதி பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்வயரைக் கழற்றி, கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, பேட்டரியின் விளிம்பில் உள்ள கிளிப்பை நகத்தால் தள்ளினால் அது தானே மேலே துள்ளும். எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்க, புதியதை அழுத்துங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கடைசியாக நெட்வொர்க் ரீசெட். அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் அடியில் இருக்கும். சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும் போய்விடும், முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரும், போகும்

பத்து நிமிடம் தொடாமல் விட்டால் அறுந்துபோகிறதா? டிவைஸ் மேனேஜரில் வைஃபையின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். சில புது லேப்டாப்புகளில் அந்தத் தாவலே இருக்காது.

டாங்கிள் போட்ட டெஸ்க்டாப்பில், ஹார்ட் டிஸ்க்கையோ பென்டிரைவையோ செருகியதும் வைஃபை தடுமாறினால், டாங்கிளை நீலத் துளையை விட்டுத் தள்ளி உள்ள துளைக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி 3.0 ஓடும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 அலைவரிசைமேலேயே விழுகிறது. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். தகரக் கேபினட்டின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த டாங்கிளுக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே சிக்னலில் இரண்டு கோடு கூடும்.

இனிச் சுவர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் செங்கோட்டை. அந்தக் காலத்து மச்சு வீடுகளில் ஒன்றரை அடிக் கனமுள்ள சுவர்கள் இன்னும் நிற்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் வெட்டுக்கல் சுவர். மழையில் ஊறிய கனத்த சுவர் இரண்டைத் தாண்டினால் 5 ஜிகாஹெர்ட்ஸ் அநேகமாகக் கிடைக்காது, 2.4ம் மெலியும். மோடத்தை டிவிக்குப் பின்னாலும் இரும்புப் பீரோமேலும் கண்ணாடி அலமாரிக்குள்ளும் வைப்பது அந்த மிச்சத்தையும் கெடுக்கும். கதவு நிலைக்கு நேராக, ஆள் உயரத்தில், நடு வீட்டில் மாட்டச் சொல்லுங்கள். இணைப்பு தரும் நாளிலேயே சொல்லுங்கள், பிறகு ஃபைபரை இழுப்பது கடினம். டெஸ்க்டாப் அதே மூலையில்தான் எப்போதும் இருக்கப் போகிறது என்றால், எங்கள் முடிவான ஆலோசனை ஒரு கேட் 6 லேன் வயர்தான். 100 மீட்டர்வரை வேகம் குறையாது, சுவரைப் பற்றிக் கவலையும் இல்லை.

இடி இடித்த மறுநாள்

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி அதிகம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டரும், கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் வயரும் கடத்தும். மேகம் கறுக்கும்போதே, இடி தொடங்கும் முன் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. இடிக்குப் பிறகு வைஃபையில் வருகிறது, லேன் வயரில் மட்டும் வரவில்லை என்றால் வயரை மோடத்தின் அடுத்த துளைக்கு மாற்றுங்கள். துளை விளக்கு எதிலும் எரியாவிட்டால் கம்ப்யூட்டரின் லேன் துளை போயிருக்கலாம். மதர்போர்டை மாற்றத் தேவையில்லை; யுஎஸ்பி லேன் மாற்றி ஒன்று போதும்.

ஃபைபர் சரியாகும்வரை போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு

எல்லையோர வீடுகளில் சிம் சில நேரம் மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். போனின் தலையில் ஆர் (R) என்ற எழுத்து வரலாம்; டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் ஹாட்ஸ்பாட் தெரியும், கம்ப்யூட்டரும் சேரும், நெட் மட்டும் இருக்காது. டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். அல்லது நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி, பட்டியலில் வரும் நம் பக்கத்து வலையைக் கையால் தேர்ந்தெடுங்கள். கேரளப் பக்கம் புனலூருக்குப் போகும்போது திரும்ப ஆட்டோமேட்டிக் ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வழியில் சிக்னல் இல்லாமல் நிற்கும். ஹாட்ஸ்பாட் பெயரே பழைய லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்டை 2.4க்கு மாற்றுங்கள். ஐபோனில் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்ற பொத்தான் அதே வேலையைச் செய்யும்.